மழைச் சாலையில் கார் டயர்: பருவமழைக்கு முன்னும் மழையின் நடுவிலும் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்துவிடுகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் பெரும்பாலான நாட்கள் நமது கார்கள் காய்ந்த தாரின் மேல்தான் ஓடுகின்றன. காய்ந்த சாலையில், மேற்புற வார்ப்பான பட்டன் முழுவதும் தேய்ந்த மொட்டை டயர்கூட நன்றாகவே பிடிக்கும்; பிரேக் போட்டால் கார் நிற்கும், வளைவில் கார் சொன்னபடி திரும்பும். அதனால் டயர் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை வெயில் காலத்தில் ஓட்டுநரின் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. அந்த நம்பிக்கை சரியா என்பது முதல் பெருமழையன்றுதான் தெரியவருகிறது. அதை மழைக்கு முன்பே, வீட்டு வாசலில் வைத்துத் தெரிந்துகொள்ளும் வழியை இங்கே விரிவாகச் சொல்ல முயல்கிறேன்.

இதில் எனக்கு ஆழ்ந்த அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாலையில், திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டை நோக்கிக் குடும்பத்துடன் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. வேகம் எழுபதுக்கும் குறைவுதான். இலேசான ஒரு வளைவில் காரின் பின்பகுதி திடீரென வெளிப்பக்கமாக நகர்ந்தது. பக்கத்துத் தடத்தில் வண்டி எதுவும் இல்லாததால் மட்டுமே தப்பினோம். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் இரண்டு புதிய டயர்கள் வாங்கி, கடைக்காரர் சொன்னபடி முன் சக்கரங்களில் போட்டிருந்தேன். தேய்ந்த இரண்டும் பின்னால் இருந்தன. அந்த முடிவு ஏன் தவறு என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கியதில்தான் கீழே உள்ளவை அனைத்தும் எனக்கு விளங்கின.

முதலில், தண்ணீரில் டயர் என்ன செய்கிறது?

சுமார் ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின் மேலும் 250 கிலோ இறங்குகிறது. டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ அழுத்தம். எனவே சாலையைத் தொடும் பரப்பு தோராயமாக 110 சதுர சென்டிமீட்டர்; ஓர் உள்ளங்கை அளவு. காரை நிறுத்துவது, திருப்புவது, முடுக்குவது ஆகிய அனைத்தும் இத்தகைய நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நடக்கின்றன.

இனி அந்தப் பரப்பின் முன்னால் 3 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கார் 80 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 22 மீட்டர் வீதம் செல்கிறது. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள டயர், தன் வழியில் கிடக்கும் தண்ணீரை ஒதுக்க வேண்டுமானால், நொடிக்குப் பத்து லிட்டரை அகற்றியாக வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஒரே நொடியில், அதுவும் ஒரே சக்கரம் தள்ளுகிறது. தொடுபரப்பின் நீளம் பத்து சென்டிமீட்டர் என்றால், சாலையின் ஒரு புள்ளி டயருக்கு அடியில் இருக்கும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குதான். அதற்குள் தண்ணீர் பள்ளங்களுக்குள் புகுந்து பக்கவாட்டிலும் பின்புறமும் வெளியேறி, ரப்பர் கல்லைத் தொட வேண்டும். பட்டன் என்று நாம் சொல்லும் வார்ப்பும், அதன் நடுவே ஓடும் பள்ளங்களும் இந்த ஒரு வேலைக்காகவே இருக்கின்றன.

தொடுபரப்பை மூன்று பகுதிகளாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முன் ஓரத்தில் ஆழமான தண்ணீரைத் தள்ளும் பகுதி. அதற்குப் பின்னால் மெல்லிய நீர்ப்படலத்தைப் பிழிந்து வெளியேற்றும் பகுதி. கடைசியில் ரப்பர் உண்மையாகவே சாலையைக் கவ்வும் பகுதி. வேகம் கூடக்கூட முதல் இரண்டு பகுதிகளும் பின்னோக்கி வளர்கின்றன. கவ்வும் பகுதி சுருங்குகிறது. அது முற்றிலும் மறையும் கணத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அக்வாபிளேனிங் என்பது இதுதான். ஆனால் அந்தக் கடைசிக் கணத்துக்கு வெகு முன்பே பிடிமானம் படிப்படியாகக் குறைந்துகொண்டு வருகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மிதக்கவில்லை என்பதாலேயே முழுப் பிடிமானமும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் படி: பள்ளத்தின் ஆழத்தை அளப்பது

புதிய கார் டயரின் பள்ளம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. வரை ஆழமிருக்கும். இந்திய மோட்டார் வாகன விதிகள் கார்களுக்கு அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே குறுக்காக ஒரு சிறிய ரப்பர் மேடு இருப்பதைக் காணலாம். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் 1.6 மி.மீ. எல்லையை எட்டிவிட்டது என்று பொருள். மேடு இருக்கும் இடத்தைக் காட்ட, டயரின் பக்கச்சுவரின் மேல் விளிம்பில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ பொறிக்கப்பட்டிருக்கும்.

சட்டம் சொல்லும் இந்த எல்லை மழைக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. 3 மி.மீ. தண்ணீர் நிற்கும் சாலையில் 1.6 மி.மீ. பள்ளம் எவ்வளவு நீரை உள்வாங்க முடியும் என்பதை மேலே சொன்ன கணக்கோடு பொருத்திப் பார்த்தால் போதும். செப்டம்பர் மாதத்தில் அளக்கும்போது 3 மி.மீ. அளவுக்கோ அதற்குக் கீழோ வந்திருந்தால், அந்த டயரைப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. பொங்கல் வரை ஓட்டிவிடலாம் என்ற கணக்கு, ஆழமான பள்ளம் தேவைப்படும் மூன்று மாதங்களையும் ஆபத்தில் கழிப்பதாகவே முடியும்.

அளப்பதற்கு நாணயமோ தீக்குச்சியோ வேண்டாம். ஆழம் அளக்கும் சிறிய கருவி கார் உதிரிபாகக் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளந்து, தேதியுடன் குறித்துவையுங்கள். உள் ஓரத்தை அளக்கத் தவறாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்பினால் முன் டயர்களின் உள் ஓரம் தெரியும். பின் டயர்களுக்குக் குனிந்து பார்க்கத்தான் வேண்டும். வெளியிலிருந்து புதிதுபோலத் தெரியும் டயர், உள் ஓரத்தில் வழுவழுவென்று இருப்பதை, அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்ட கார்களில் அடிக்கடி காணலாம்.

அந்த மூன்று எண்களும் வேறு செய்திகளையும் சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால், காற்று குறைவாக ஓட்டியிருக்கிறோம். நடு மட்டும் தேய்ந்திருந்தால், காற்று மிகுதி. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், புதிய டயர் போடுவதற்கு முன் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் புதியதும் அதே வழியில் போகும். ஓரங்கள் தேய்வது மழையில் கூடுதல் தீமை, ஏனென்றால் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறும் வாசல்களே அவைதான்.

இரண்டாம் படி: வயதைப் பார்ப்பது

டயரின் பக்கச்சுவரில், ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றிருந்தால், 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது. இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம்; வெளிப்பக்கம் காணவில்லையென்றால் உள்பக்கம் தேடுங்கள்.

ஆழமான நீரை அகற்றுவது பள்ளம். ஆனால் அதன் பிறகும் எஞ்சும் மெல்லிய படலத்தைத் துளைத்துக் கல்லின் சொரசொரப்பைக் கவ்வுவது ரப்பரின் மென்மை. ரப்பர் கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து, அவற்றின் வடிவத்தை ஏற்று, மீண்டு வர வேண்டும். அந்த உருமாற்றத்தில்தான் பிடிமானம் பிறக்கிறது. வயதாகி இறுகிய ரப்பர் மேடுகளின் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு, நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிச் செல்கிறது. சென்னை, கோயம்புத்தூர் அடுக்ககங்களின் வாகன நிறுத்தங்களில், ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள் நிறைய நிற்கின்றன. அவற்றின் டயர்களில் 5 மி.மீ. பட்டன் இருக்கும், வயதோ எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். அளவுகோலை மட்டும் நம்பும் உரிமையாளர் ஏமாறுவது இங்கேதான். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் ஒரு தேர்ந்த கடையில் கழற்றிப் பரிசோதிக்கச் சொல்வதும், பத்து ஆண்டுகள் ஆனதை எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுவதும் டயர் நிறுவனங்களே சொல்லும் முறை. நம் வெயிலில் நாளெல்லாம் நிற்கும் காருக்கு நான் பத்து ஆண்டுகள் வரை காத்திருக்க மாட்டேன். பக்கச்சுவரிலோ பள்ளத்தின் அடியிலோ மெல்லிய வெடிப்புகள் தென்பட்டால் வயதை எண்ண வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாம் படி: காற்றழுத்தம்

மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து நன்றாகப் பிடிக்கும் என்று சொல்பவர்களை நான் பல இடங்களில் சந்தித்திருக்கிறேன். மணலுக்கும் சேற்றுக்கும் பொருந்தும் இந்த வழக்கம், நெடுஞ்சாலைத் தண்ணீருக்கு நேர் எதிரான விளைவைத் தரும்.

டயரின் முன் ஓரத்தில் மோதும் தண்ணீரின் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அது டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை எட்டும்போது டயரைத் தூக்கிவிடுகிறது. நாசாவின் ஆய்வாளர்களான ஹார்ன், டிரெஹர் ஆகிய இருவரும் விமான டயர்களை வைத்து 1963இல் வெளியிட்ட ஆய்வு, இந்த உறவை எளிய சூத்திரமாகத் தந்தது: பி.எஸ்.ஐ. அளவின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 33 பி.எஸ்.ஐ. இருந்தால் சுமார் 96 கி.மீ.; அது 24ஆகக் குறைந்துவிட்டால் சுமார் 82 கி.மீ. பள்ளங்கள் நீரில் மூழ்கிவிட்ட நிலைக்கு உரிய கணக்கு இது. கார் டயரின் தொடுபரப்பு வடிவமும் தேய்மானமும் வேறுபடுவதால், இதைவிடக் குறைந்த வேகத்திலும் கார் மிதக்கலாம். ஆகவே இந்த எண்ணைப் பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளக் கூடாது. காற்று குறைந்தால் ஆபத்து முன்கூட்டியே வரும் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகக் காற்றை மிகுதியாக அடைப்பதும் தவறு. தொடுபரப்பு சுருங்கி, நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில், அந்தக் காருக்கு உரிய அழுத்தம் முன், பின், ஆட்கள் எண்ணிக்கை வாரியாக எழுதப்பட்டிருக்கும். அதையே பின்பற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில் இருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம். நாம் நிரப்ப வேண்டிய அளவு அன்று. கார் இரவு முழுவதும் நின்று டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

நான்காம் படி: புதிய டயர் வாங்குவதும், அதை எங்கே மாட்டுவது என்பதும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை என்று சென்னையைச் சுற்றியே பெரிய டயர் ஆலைகள் இருக்கின்றன; தேர்வு செய்வதற்கு நமக்குப் பஞ்சமில்லை. கடையில் பெரும்பாலும் விலையும், எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்பதும்தான் பேசப்படுகின்றன. நீண்டகாலம் உழைக்க வேண்டும் என்பதற்காகவே ரப்பர்க் கலவையை இறுக்கமாக்கினால், ஈரத்தில் பிடிமானம் குறையக்கூடும். ரப்பர்க் கலவையில் கரியோடு சிலிக்காவைச் சேர்க்கும் முறை 1990களில் பரவியபோது, உருளும் தடையைக் கூட்டாமலே ஈரப் பிடிமானத்தை உயர்த்த முடிந்தது. ஆகவே கடைக்காரரிடம் ஈரச்சாலையில் இந்த டயர் எப்படி என்று கேளுங்கள். ஐரோப்பியத் தரச்சீட்டு ஒட்டப்பட்ட டயராக இருந்தால், மழைமேகப் படத்துக்கு அருகில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ சிறந்தது, ஈ கடைசி.

அழகுக்காக அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் போடுபவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். காரின் எடை கூடவில்லை, காற்றழுத்தமும் மாறவில்லை என்றால், தொடுபரப்பின் அளவும் ஏறத்தாழ அதே. வடிவம்தான் அகன்று, நீளம் குறைகிறது. அதனால் அகற்ற வேண்டிய தண்ணீர் கூடுகிறது. அகற்றக் கிடைக்கும் நேரம் குறைகிறது. காய்ந்த வளைவில் கிடைக்கும் உறுதிக்கு, தண்ணீர் தேங்கிய நேர்சாலையில் விலை கொடுக்கிறோம்.

பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், அந்தத் திசையிலேயே மாட்டியிருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக நடுவை நோக்கித் திரட்டும். வெளிப்பக்கம் எனக் குறிக்கப்பட்ட டயர்களுக்கும் இதே கவனம் தேவை. கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன நிகழ்ச்சிக்கு வருகிறேன். முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் முன் டயர்கள்தான் விரைவில் தேய்கின்றன. இரண்டு மட்டும் வாங்கும்போது, தேய்ந்த இடத்திலேயே புதியதை மாட்டுவது இயல்பாகத் தோன்றும். இழுப்பதும் திருப்புவதும் பெருமளவு நிறுத்துவதும் முன்சக்கரங்களே என்பதால், அந்த யோசனைக்கு நியாயம் இருப்பதுபோலவும் தெரியும். ஆனால் ஈரமான வளைவில் முன் டயர்கள் பிடிமானம் இழந்தால், கார் நேராகச் செல்ல முயலும். ஸ்டீயரிங் இலேசாகிவிட்டதை ஓட்டுநர் கையில் உணர்வார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர்கள் பிடிமானம் இழந்தால், எந்த முன்னறிவிப்பும் கைக்கு வராது. பின்பகுதி வெளியே வீசப்படும். பயத்தில் காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, பின்பகுதி இன்னும் இலேசாகி, சுழற்சி கூடும். எனவே ஆழமான பட்டன் உள்ள இரண்டு டயர்கள் எப்போதும் பின்னால் இருக்க வேண்டும்; ஏற்கெனவே பின்னால் இருந்தவை முன்னே வரட்டும். கடையில் மறுத்தாலும் இதை வற்புறுத்திக் கேளுங்கள். எட்டாயிரம் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி, நான்கும் ஒரே அளவில் தேயும்படி பார்த்துக்கொண்டால், இந்த விவாதத்துக்கே இடமிருக்காது.

ஏற்கெனவே ஓடிய பழைய டயரை வாங்கிப் போடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: வேண்டாம்.

ஐந்தாம் படி: மழையில் ஓட்டும்போது

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் தனிக் கவனம் கோருபவை. பல வாரங்களாகச் சாலையில் படிந்த எண்ணெய், புழுதி, ரப்பர்த் தூள் ஆகியவை நீரோடு குழைந்து வழுக்கும் படலமாகின்றன. சுங்கச்சாவடிகளுக்கு முன்பும் சிக்னல்களிலும் இது தடிமனாக இருக்கும். வெள்ளைக் கோடுகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள், சக்கரங்கள் தேய்த்துப் பளபளக்கும் பழைய தார் ஆகிய இடங்களில் மெதுவாகச் சென்றாலும் சறுக்கும். அங்கே பள்ளத்தின் ஆழமும் கைகொடுக்காது, ரப்பரின் மென்மைதான் உதவும். மழை தொடர்ந்து பெய்து சாலையைக் கழுவிய பிறகு படலத்தின் ஆபத்து குறைந்து, தேங்கிய நீரின் ஆபத்து தொடங்குகிறது.

நிறுத்தும் தூரத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் வேகம் தானாகக் குறையும். 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், உராய்வு எண் (டயரும் சாலையும் ஒன்றையொன்று பிடிக்கும் அளவு) 0.8 உள்ள காய்ந்த சாலையில் சுமார் 31 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் தேய்ந்த டயரால் அந்த எண் 0.4ஆகப் பாதியானால், தூரம் இரட்டித்து 63 மீட்டர் ஆகும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று கொண்டால், இரண்டிலும் இன்னும் 22 மீட்டரைச் சேர்க்க வேண்டும். காய்ந்த சாலைக்கும் ஈரச் சாலைக்கும் உள்ள வேறுபாடு, ஏறத்தாழ மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் நீளம். அதே ஈரச் சாலையில் வேகத்தை 60ஆகக் குறைத்தால், பிரேக் பிடித்து நிற்க 35 மீட்டர் போதும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து, திருப்பும் வாய்ப்பை அது நமக்குத் தருகிறது, ஆனால் டயரில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

முன்னே செல்லும் வண்டியின் சக்கரத் தடத்திலேயே, போதிய இடைவெளி விட்டுச் செல்லுங்கள். அந்தத் தடத்திலிருந்து தண்ணீரின் ஒரு பகுதி ஏற்கெனவே விலக்கப்பட்டிருக்கும். கனரக வாகனங்கள் அழுத்தி உண்டாக்கிய நீண்ட பள்ளங்களில் நீர் நிற்கிறது என்றால், அவற்றைத் தவிர்த்துச் சற்று விலகி ஓட்டுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் சீராகச் செல்லுங்கள். டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுதான், அதில் பிரேக் எடுத்துக்கொள்வது போக மிஞ்சியதுதான் திரும்புவதற்குக் கிடைக்கும். வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் எழுபதிலும், இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவது இதற்காகவும்தான்.

கார் மிதக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங் திடீரெனக் காற்றில் திருப்புவதுபோல இலேசாகும்; அடியில் வந்துகொண்டிருந்த நீரின் ஓசை மாறும்; சில கார்களில் என்ஜின் வேகம் காரணமின்றி ஏறும். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கைக் கார் செல்லும் திசைக்கு நேராகவே பிடித்திருங்கள். மிதக்கும்போது திருப்பினால் எதுவும் நடக்காது என்பதால் இன்னும் அதிகமாகத் திருப்பத் தோன்றும். திருப்பிய நிலையில் டயர் மீண்டும் சாலையைத் தொடும்போது, கார் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் சாலையோரத் தண்ணீரில் இறங்கினால், நீர் அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்கும். இரு கைகளாலும் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, நீரைக் கடக்கும் வரை பொறுத்திருங்கள்.

மழைக்குப் பின்

தேங்கிய நீரில் மறைந்திருந்த குழிகளில் சக்கரம் இறங்கியிருந்தால், மறுநாள் காலை பக்கச்சுவர்களில் வீக்கமோ வெட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். வீங்கிய டயருக்குப் பழுதுபார்ப்பு கிடையாது, மாற்றத்தான் வேண்டும். நேர்சாலையில் கார் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டைச் சரிபாருங்கள்.

ஸ்டெப்னியையும் இதே நாளில் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். காரில் இருக்கும் ஐந்து டயர்களில் யாரும் காற்றுப் பார்க்காதது அதுதான். கார் வாங்கிய நாளிலிருந்து அங்கேயே கிடந்து, பட்டன் புதிதாகவும் ரப்பர் பழையதாகவும் இருக்கும். பல கார்களில் அது மற்றவற்றைவிடக் குறுகலானது, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அந்த எல்லை காய்ந்த சாலைக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. மழையில் அதை மாட்ட நேர்ந்தால், அருகில் உள்ள பஞ்சர் கடை வரை இடது ஓரமாக, ஐம்பதுக்கும் குறைவான வேகத்தில் செல்லுங்கள்.